வெற்றிலை போட்ட வாயில் பல் தப்பினால் போதுமா?

2 மார்ச் 2024, களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

படுவான்கரையில் பிறந்த என் அம்மம்மா 91 வயதில் கண்மூடியபோது அவருடைய வாயில் 24 பற்கள் இருந்தன, ஒன்றிலும் சூத்தை இல்லை. பற்தூரிகையை அவர் கையால் தொட்டதில்லை, நாளுக்குப் பத்துத் தடவை வெற்றிலை போட்டார். என் மகனுக்கு வயது ஏழு, அதற்குள் நான்கு சூத்தைப் பற்கள். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் பல்லைக் காக்கும் மருந்து என்றும், பற்பசைக் கம்பனிகள்தான் அதை மறைத்துவிட்டன என்றும் நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் ஆராய்ச்சியைக் காட்டி மறுக்க வேண்டும்.

2 மார்ச் 2024, இரவு

உங்கள் அம்மம்மாவின் பற்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையை நாற்காலியில் இருத்திய பிறகு, கூட வந்த பாட்டியின் பற்களையும் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். பேரனின் வாயில் ஓட்டைகளும், பாட்டியின் வாயில் கறையேறித் தேய்ந்த, ஆனால் ஓட்டையில்லாத பற்களும் இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். வெற்றிலை போடுவோரிடம் சூத்தை குறைவு என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். சப்பும்போது உமிழ்நீர் ஊறுகிறது, சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கிறது, காவிக்கறை பல்லின்மேல் ஒரு படையாகப் படிகிறது என்றெல்லாம் அதற்கு விளக்கம் தரப்படுகிறது.

ஆனால் உங்கள் மகனின் சூத்தைக்குக் காரணம் வெற்றிலை போடாமை அன்று. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட வாயின் பிஎச் அளவு இறங்குகிறது, அது 5.5 ஐ எட்டியதும் மிளிரி எனப்படும் பல்லின் கடினமான மேற்படை கரையத் தொடங்குகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை அப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்தே ஓட்டை விழுகிறது. உங்கள் அம்மம்மா ஏழு வயதில் பாடசாலை வாசற் கடையில் டொபியும் கிறீம் பிஸ்கட்டும் வாங்கித் தின்றிருக்க மாட்டார்.

வெற்றிலையில் கெடுதி செய்வது புகையிலைதான். புகையிலை சேர்க்காதவர்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

3 மார்ச் 2024, அதிகாலை

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரிகளையும் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏனெனில் என்னைப் போலப் பயிற்சி பெற்ற பலர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மஹரகமையில் பயிற்சி பெற்றது எண்பதுகளின் நடுப்பகுதியில். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1985 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்த்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு செய்யப்பட்டது. புகையிலை சேர்க்காத வெற்றிலையைப் பற்றி முடிவு சொல்ல அப்போது சான்றுகள் போதவில்லை. சான்று போதவில்லை என்பதை நாங்கள் கெடுதி இல்லை என்று விளங்கிக்கொண்டோம். பிழை அங்கேதான் நேர்ந்தது. பிறகு தாய்வானிலிருந்து சான்றுகள் வந்தன. அங்கே பாக்கைப் பெரும்பாலும் புகையிலை இல்லாமலே சப்புகிறார்கள், அப்படியிருந்தும் வாய்ப்புற்று வருகிறது. அதே முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை இல்லாத வெற்றிலையையும், பாக்கைத் தனியாகவுமே, புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதலாம் தொகுதியில் சேர்த்தது. ஆகவே உங்கள் மூன்று மருந்துகளில் ஒன்று அந்தப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. பப்புவா நியூகினியில் சுண்ணாம்பைத் தனியாகக் கன்னத்தின் உட்புறத்தில் வைப்பார்கள். அங்கே செய்யப்பட்ட ஓர் ஆய்வில், சுண்ணாம்பு படும் கடைவாயிலும் கன்னத்திலுமே புற்று அதிகம் காணப்பட்டது. இரண்டாவது மருந்தும் போயிற்று. வெறும் வெற்றிலை இலையின்மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

இந்த 2004 விடயத்தை நான் தாளில் படித்து அறியவில்லை. என் வீட்டில், அம்மாவின் வாயில் அறிந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

3 மார்ச் 2024, மாலை

பற்பசைக் கம்பனிகளின் சூழ்ச்சி பற்றி மூவர் எழுதியிருக்கிறீர்கள். உமிக்கரி விற்று எவரும் பணக்காரராகவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பற்பசையிலுள்ள புளோரைட்டு சூத்தையைக் குறைக்கிறது என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே தகராறு இல்லை. பசையை விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நிறையப் பிதுக்கச் சொல்வதைத்தான் சூழ்ச்சி என்பேன், ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவே தாராளம்.

6 மார்ச் 2024

பல் இருந்தால் வாய் நலமாக இருக்கிறது என்ற எண்ணத்தை அசைக்கும் ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. நடந்த இடம் புண்டலுஓயாப் பகுதியின் டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்கள். ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளர் 1970 இல் அங்கே 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். ஒப்பிடுவதற்கு, சிறுவயது முதலே ஒழுங்கான பல் சிகிச்சை பெற்ற ஒஸ்லோ மாணவர்களையும் கல்வியாளர்களையும் எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் உள்ளவர்கள் தூரிகை அறியாதவர்கள், பல் வைத்தியமே எட்டாதவர்கள். ஆய்வுக்குத் தெரிவாக அதுவே அவர்களுடைய தகுதியாயிற்று.

அவர்களிடம் சூத்தை ஏறக்குறைய இல்லை. தம்பி, இந்த இடத்தில் நீங்கள் மகிழலாம், அடுத்த வாக்கியம் வரை மட்டும். அவர்கள் எல்லோருடைய பற்களிலும் ஊத்தையும் காறையும் படிந்திருந்தன, முரசு, அதாவது ஈறு, ஏறக்குறைய எல்லா இடத்திலும் அழன்றிருந்தது. அளவு குறித்த மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே விட்டு, பல்லைப் பிடித்திருக்கும் இழையம் எவ்வளவு கழன்றிருக்கிறது என்று மில்லிமீற்றரில் அளந்தார்கள். 1986 இல் வெளியான முடிவு இது: ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு முரசு வேகமாகக் கரைந்தது, 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகத்தில் கரைந்தது, 11 விழுக்காட்டினருக்கு அழற்சிக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. வேகமாகக் கரைந்தவர்கள் 45 வயதை எட்டியபோது இழப்பு சராசரியாக 13 மில்லிமீற்றர். வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். சூத்தை இல்லாத முழுப் பல் தானாகக் கழன்று கைக்கு வந்துவிடும்.

அந்த 11 விழுக்காட்டினரில் ஒருவராகத்தான் உங்கள் அம்மம்மாவை நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே விதமாகப் பல்லை விட்டுவைத்தவர்களில் சிலருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாம் நினைவில் வைத்துக்கொள்வது அவர்களை. பல் விழுந்தவர்களைப் பொக்கை வாய்ப் பாட்டி என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

7 மார்ச் 2024

ஹற்றனைச் சேர்ந்த ஒருவர் இரண்டு குறைகள் சொல்லியிருக்கிறார், இரண்டும் நியாயமானவை.

முதலாவது, 480 பேரும் இறுதிவரை இருந்ததாக நான் எழுதியது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. 1985 இல் பரிசோதிக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். நான் தந்த விழுக்காடுகளை அதை மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். 1964 இன் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின்படி மலையகத்திலிருந்து தமிழகத்துக்குக் கப்பலேறியவர்களின் காலமும் இதுவே என்பதை நினைக்கும்போது, அந்த வெற்றிடங்களை வெறும் எண்ணாக என்னால் வாசிக்க முடியவில்லை. 2010 இல் மீண்டும் தேடிப்போனபோது 75 பேர் கிடைத்தார்கள். அந்த 40 ஆண்டுக் கணக்கிலிருந்து பயனுள்ள ஒரு செய்தி வந்தது. 30 வயதில் சராசரி இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது எஞ்சும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, தூரிகை அறியாதவர்கள் என்றால் வாயைத் துப்புரவு செய்யாதவர்கள் என்று பொருளா என்று கேட்கிறார். அவருடைய தாத்தா கரியும் விரலுமாகக் காலையில் பல் தேய்த்தவராம். என் அனுபவத்தில், விரல் பல்லின் முகத்தைத் துலக்கும், பல்லிடுக்குக்குள் போகாது. முரசு கரைவது இடுக்கிலிருந்துதான்.

அவர் கேட்காத மூன்றாவது ஒன்று எனக்கே உறுத்துகிறது. நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகப் பதினைந்து ஆண்டுகள் ஒருவருடைய வாயை அளப்பதென்றால், அளக்கும் கையில் இருக்கும் வைத்தியத்தை என்ன செய்வது? இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அப்படியே அனுமதிக்காது. உலகப் பாடநூல்களில் முரசுநோய் பற்றிய அறிவு அந்தத் தொழிலாளரின் வாயிலிருந்து வந்தது. அவர்களில் ஒருவருடைய பெயரும் அந்தப் பக்கங்களில் இல்லை.

8 மார்ச் 2024

அதே லோ இதற்கு முன்னர், 1965 இல், டென்மார்க்கில் வெளியிட்ட ஆய்வில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு சிவந்து வீங்கியது, மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் ஆறியது. முரசு அழற்சிக்குக் காரணம் பல்லில் படியும் ஊத்தையே என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் இல்லை.

இந்த ஆய்வைப் பற்றி அறியும் முன்பே அதை நான் கண்ணால் கண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிய பிறகு கல்லடிப் பக்கத்துச் சனம் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் எங்களைப் போட்டார்கள். காய்ச்சலும் வயிற்றோட்டமும் வராமல் காப்பதே பெரும்பாடு, பற்தூரிகையை யார் நினைத்தார்கள்? மூன்றாம் கிழமை பிள்ளைகள் பாண் கடித்தால் பாணில் இரத்தம். தூரிகைப் பெட்டி வந்து இரண்டு கிழமைகளில் நின்றது.

அந்த முகாமில் இன்னொன்றும் கண்டேன். நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்களிடம் வயதான பெண்கள் சோற்றுப் பார்சலுக்கு அடுத்தபடியாகக் கேட்டது வெற்றிலையும் பாக்கும். எழுத வந்த பையன் சிரித்தான். எனக்கு அப்போது அது இரக்கமாக இருந்தது. ஓர் அடிமைத்தனத்தின் அறிகுறியாக எனக்குப் படவில்லை.

9 மார்ச் 2024

அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர், தம் பிள்ளைகளின் பற்கள் எவ்வளவு தேய்த்தாலும் பழுப்பாகவே இருக்கின்றன என்கிறார். தேய்க்க வேண்டாம். வறண்ட வலயத்தின் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாக இருக்கிறது. பல் முரசுக்குள் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்தால் மிளிரியிலேயே கறை ஏறிவிடும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. உங்கள் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். அதே புளோரைட்டு சிறிதளவில் காக்கும், பெருகினால் கெடுக்கும்.

12 மார்ச் 2024

அம்மாவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். மூன்று நாட்களாக எழுதி எழுதி அழித்தேன்.

அம்மாவுக்கு இப்போது 82 வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கலியாணம் முடித்து வந்தவர். வெற்றிலை வட்டா எங்கள் வீட்டில் வாசலுக்கு அடுத்த மரியாதை, வந்தவருக்கு முன்னால் வட்டாவை வைக்காமல் பேச்சைத் தொடங்கக்கூடாது. வந்தவருக்குத் துணையாக அம்மாவும் போடுவார். புகையிலை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை, அது குமட்டும் என்பார்.

2014 அளவில், கறி உறைக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். மிளகாய்த்தூளைக் குறைத்தேன். பிறகும் உறைக்கிறது என்றார். வயிற்றுப் புண்ணால் வாய் அவிந்திருக்கும் என்று விற்றமின் குளிசைகள் வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் பால்சொதியும் எரிகிறது என்றபோது, வயதானால் வரும் அடம் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். புட்டை உருட்டி வாய்க்குள் போடுபவர் சிறிது சிறிதாகக் கிள்ளிப் போடத் தொடங்கியதையும் பார்த்தேன், ஆனால் விளங்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. இடையில் பல தடவை அவருடைய வாயைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது பற்களை. எல்லாம் இருந்தன, ஒன்றிலும் சூத்தை இல்லை. திருப்தியாக வாயை மூடச் சொன்னேன்.

2016 இல் ஒரு நாள் கொட்டாவி விடும்போது அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்டு, மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு இடையே நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது விரலே முட்டியது. விளக்கைப் பிடித்துக் கன்னத்தின் உட்புறத்தை முதற்தடவையாகப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய தோல் சலவைக்கல் போல வெளிறியிருந்தது. விரலால் தடவியபோது கொடுப்பின் உள்ளே கயிறு போல மேலிருந்து கீழாகத் தழும்பு ஓடியது.

வைத்தியசாலையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, கன்னத்தோலின் அடியில் நார்படியும் நோய், புற்று இல்லை என்றார்கள். வாய் திறக்கும் அளவு 22 மில்லிமீற்றர். நலமாக உள்ளவர்களுக்கு 35க்கு மேல் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மறுகா என்ன புள்ள, பல்லுப் பாக்கிற உனக்கு வாய் தெரியல்லயா?"

13 மார்ச் 2024

நேற்றைய குறிப்பை வாசித்துப் பலர் நோயின் விவரம் கேட்டிருக்கிறார்கள்.

நவீன மருத்துவத்தில் இதை 1952 இல் முதலில் எழுதியவர் ஷ்வாற்ஸ். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு, காரணம் தெரியாத மெலிவு என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி இதை நார்படிதல் என்று எழுதினார். மிளகாய்தான் காரணம் என்று நெடுங்காலம் ஐயுற்றார்கள். நானும் மிளகாயைத்தானே குறைத்தேன்! உறைப்பு நோயின் காரணம் அன்று, நோய் வெளிப்படும் வாசல்.

உண்மைக் காரணம் பாக்கு. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கன்னத்தோலின் அடியிலுள்ள கலங்களைத் தூண்டி, கொலாஜன் நாரைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. பாக்கிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் அந்த நார் கரைவதைத் தடுக்கிறது. பாக்கில் செம்பும் அதிகம். நாருடன் நாரைப் பிணைக்கும் நொதி ஒன்று செம்பைக்கொண்டே இயங்குகிறது. ஆக, நார் கூடுகிறது, கரைய மறுக்கிறது, ஒன்றோடொன்று இறுகுகிறது. தோல் பதனிடுபவர் தோலுக்குச் செய்வதை நாம் உயிரோடுள்ள கன்னத்துக்குச் செய்துகொள்கிறோம்.

பாக்கை விட்டாலும் படிந்த நார் போகாது. எரிவு குறையலாம், இறுக்கம் அப்படியே நிற்கும். கேரளத்தில் 66 நோயாளரைப் பதினேழு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்தது. அதனால்தான் அம்மாவை ஆறு மாதத்துக்கொருமுறை காட்டுகிறேன்.

15 மார்ச் 2024

"இவ்வளவு தெரிந்தும் அரசாங்கம் ஏன் தேடிப்பிடித்துப் பார்க்கவில்லை?" என்று காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். பார்த்திருக்கிறார்கள். சமன் வர்ணகுலசூரியவும் கூட்டாளிகளும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து 28 ஆயிரம் பேருக்கு மேல் வாயைப் பார்க்க வைத்தார்கள். பணியாளர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே போனார்கள்.

இதை முதலில் வாசித்தபோது மக்களின் அலட்சியம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து அந்த வழியே வருபவர் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும், பிறகு பஸ், பிறகு வரிசை. நோகாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக ஒரு நாட்கூலியை யார் விடுவார்? பல்வலி என்றால் இரவோடு இரவாக வருவார்கள். புற்றுக்கு முந்திய நிலை வலிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயை வெறுங்கண்ணால் ஒழுங்காகப் பார்த்துவந்ததாலேயே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு விளக்கும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதுமாயிருந்தன. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்று இதுதான்.

16 மார்ச் 2024

"கன்னத்தைப் பார்க்க நாங்கள் என்ன வைத்தியரா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் வைத்தியர் இல்லை. எனக்கு இருந்த கண்ணாடியும் விளக்கும்கூட அம்மாவுக்கு உதவவில்லை.

19 மார்ச் 2024

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார், பொதுவில் பதில் சொல்ல அவருடைய சம்மதம் உண்டு. மகனுடைய சூத்தைக்காகத் தொடங்கிய பேச்சில் தம் விரல்களை வைத்துப் பார்த்தாராம். இரண்டரை. வேலைத்தளத்தில் நித்திரை வராமலிருக்கப் பாக்குச் சரை, அதாவது சிறு பொட்டலப் பாக்கு, வாங்கிப் போடும் பழக்கம் நான்கு ஆண்டுகளாக இருக்கிறதாம். அம்மம்மாவைப் போல வெற்றிலையோடு அன்றி, வெறும் இனிப்புப் பாக்காக.

தம்பி, வெற்றிலையில் மடித்துப் போடுவோரைவிடச் சரைப்பாக்குத் தின்போருக்கு இது விரைவில் வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மம்மாவின் பற்களை வைத்து உங்கள் கன்னத்தைக் கணக்கிட வேண்டாம். இன்றே நிறுத்துங்கள், நாளை என்று வேண்டாம். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பல் சிகிச்சை நிலையத்துக்கோ போய், பல்லைப் பார்க்க வந்தேன் என்று சொல்லாமல், வாய் முழுவதாகத் திறக்கவில்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் விளக்கைக் கன்னத்துக்குத் திருப்புவார்கள். மகனையும் கூட்டிப் போங்கள்.

22 மார்ச் 2024

இறுகிய வாயைத் திறக்க உதவும் பயிற்சியை எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு. ஐஸ்பழக் குச்சிகளைக் கழுவி அவித்துக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே வைத்துச் சிறிது நேரம் பிடிக்க வேண்டும். நோகும் அளவுக்குத் தள்ளக்கூடாது. பழகியதும் ஒரு குச்சி கூட்டலாம். எத்தனை வேளை என்பதை உங்கள் வைத்தியர் சொல்வார். அம்மா 11 குச்சிகளில் தொடங்கினார், இப்போது 13. எட்டு ஆண்டுகளில் இரண்டு குச்சி. குச்சி சேர்ப்பதென்ற சாட்டில் பேரப்பிள்ளைகள் ஐஸ்பழமாகத் தின்று தீர்க்கிறார்கள். சின்னவனுக்குப் போன மாதம் கொடுப்புப் பல்லில் சூத்தை அடைத்தேன்.